2140-ல் நமக்கொரு ரசிகை

வால்-ஈ ஒரு குட்டி ரோபோ. 2008-ல் பிக்ஸார் எடுத்த அனிமேஷன் படத்தின் நாயகன். பூமியைக் குப்பைமேடாக்கிவிட்டு மனிதர்கள் எல்லாரும் விண்கப்பல் ஏறிப் போய் 700 வருஷம் ஆகிறது. கிடக்கிற குப்பையை அமுக்கிச் சதுரம் சதுரமாக அடுக்குவது இதன் வேலை. வேலை முடிந்து இருப்பிடத்துக்கு வந்தால் ஒரு பழைய வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்கும். அதில் இருப்பது 1969-ல் வந்த 'ஹலோ, டாலி!' என்ற ஹாலிவுட் பாட்டுப் படம். திரையில் தொப்பியைச் சுழற்றி ஆடினால், இதுவும் கையில் கிடைத்த வட்டத் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஆடும். திரையில் ஒரு ஜோடி கைகோத்தால், தன்னுடைய இரண்டு இரும்புக் கைகளையும் ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கும். கோத்துக்கொள்ள வேறு கை அங்கே இல்லை.

வருங்காலத்தில் நடக்கிற கதை. அதில் ஒரு பாத்திரத்துக்கு நம் காலத்துப் பாட்டு, சினிமா, விளம்பரம், விளையாட்டு என்று ஏதோ ஒன்றின் மேல் தீராத மோகம். அறிவியல் புனைகதை பக்கம் கொஞ்சம் போய்வந்தவர்களுக்கு இது நன்றாகப் பழகிய பாத்திரம். இது எதற்காகக் கதைக்குள் வருகிறது, எப்போது எடுபடுகிறது, எப்போது சலிப்புத் தட்டுகிறது என்பதைக் கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கும், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். வேண்டிய உதாரணங்களில் பாதியை எங்கள் சேலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப்பாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுதுகிறவருடைய வசதி. 2300-ல் மக்கள் எதைப் பார்த்துச் சிரிப்பார்கள், எந்தப் பாட்டுக்கு அழுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கற்பனையாக ஒரு நடிகரை உண்டாக்கி, 'என்னய்யா, அவர் மாதிரியே பேசுற' என்று ஒரு பாத்திரத்தைச் சொல்லவைத்தால் படிக்கிறவர் திருதிருவென விழிப்பார். அதையே வடிவேலு மாதிரி என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாத காலத்தில் கொண்டுபோய் வைத்தால் அந்தக் காலமும் கொஞ்சம் பழகின இடமாகிவிடும்.

'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் (1995-2001) டாம் பாரிஸ் என்று ஒரு விமானி வருவான். கதை நடப்பது 24-ஆம் நூற்றாண்டில். அவனுக்கோ 20-ஆம் நூற்றாண்டின் மேல்தான் பைத்தியம். கப்பலில் மெய்யான இடம் போலவே தோற்றம் காட்டும் ஒரு அறை உண்டு. அதற்குள் போய் 1930-களின் கறுப்பு வெள்ளை சாகசப் படங்களின் பாணியில் ஒரு கதையை ஓடவிட்டு, தானே நாயகனாக நடிப்பான். 1950-களின் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை அவனுடைய காதலி செய்து பரிசாகக் கொடுப்பாள். கூடவே பாப்கார்னும் இருக்கும். விண்கப்பலில் உட்கார்ந்து விளம்பர இடைவேளையை ரசிக்கிற ஆளைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அந்தப் பெருமைதான் இந்த உத்தி போடுகிற தூண்டில்.

எதிர்காலம் இல்லாமலே இந்த வித்தையை நம் சினிமாவும் செய்கிறது. 1991-ல் வந்த 'குணா'வின் குகைப் பாட்டை 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் 'லப்பர் பந்து' படத்தில் 1989-ன் விஜயகாந்த் பாட்டு ஒன்று திரும்பி வந்தது. அந்தப் பாட்டுகள் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் தியேட்டரில் எழுந்து ஆடினார்கள். ஒரு தலைமுறை தாண்டினாலே இப்படி என்றால், ஐந்து தலைமுறை தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

மோகத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வைப்பது அடுத்த படி. எர்னஸ்ட் க்ளைன் 2011-ல் எழுதிய 'ரெடி ப்ளேயர் ஒன்' நாவல் 2045-ல் நடக்கிறது. அதில் வரும் இளைஞர்கள் 1980-களின் வீடியோ கேமையும் படங்களையும் கரைத்துக் குடித்திருப்பார்கள். ஏனென்றால் ஒரு கோடீஸ்வரர் தன் சொத்தையெல்லாம் ஒரு புதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறார். புதிரை அவிழ்க்க அவருடைய இளமைக்காலம் அத்துப்படியாக வேண்டும். சொத்துக்காக எண்பதுகளைப் படிக்கிறார்கள். இதை ரசனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிற மாதிரிதான் தெரிகிறது. ஆனாலும், ஏன் இந்தக் காலத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. பல கதைகளில் அதுகூட இருக்காது.

வசதியும் காரணமும் இருந்தால் மட்டும் பாத்திரம் நிற்காது. என் கணக்கில் இந்த வகைப் பாத்திரத்தை நிற்க வைப்பது, அது நம்மைத் தப்பாகப் புரிந்துகொள்கிற விதம்.

'டாக்டர் ஹூ' தொடரில் 2005-ல் வந்த ஓர் அத்தியாயம் இன்னும் 500 கோடி வருஷம் கழித்து நடக்கிறது. சூரியன் வீங்கிப் பூமியை எரிக்கப்போகிறது. அதை வேடிக்கை பார்க்கப் பெரிய மனிதர்கள் ஒரு விண்கலத்தில் கூடியிருக்கிறார்கள். கசாண்ட்ரா என்ற சீமாட்டி பழைய பூமியின் அரும்பொருள் ஒன்றைப் பெருமையோடு கொண்டுவரச் சொல்கிறாள். ஆவணங்களின்படி இதன் பெயர் ஐபாட் என்று அறிவிக்கிறாள். ஐபாட் என்பது பாக்கெட்டில் போட்டுக்கொள்கிற பாட்டுக் கருவி. வந்து நிற்பதோ ஆளுயரத்துக்கு இருக்கும் ஜூக்பாக்ஸ், அந்தக் காலத்து ஓட்டல்களில் காசு போட்டால் பாடுமே அந்தப் பெட்டி. அடுத்து ஒரு மரபுப் பாடல் என்று சொல்லி அவள் போடவைப்பது பிரிட்னி ஸ்பியர்ஸ் என்ற பாப் பாடகியின் பாட்டு. அந்தப் பாட்டு வந்து அப்போது ஓரிரு வருஷம்கூட சரியாக ஆகவில்லை.

சிரிப்பு போகட்டும். இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பொருள் ஒரு பக்கம் தப்பிப் பிழைத்திருக்கிறது, பெயர் இன்னொரு பக்கம். யாரோ இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷ இடைவெளியெல்லாம் 500 கோடி வருஷத்துக்கு அப்பால் நின்று பார்த்தால் தெரியாது. நாம் மட்டும் ஒழுங்கா? சரித்திரப் படம் என்றால் எந்த நூற்றாண்டு ராஜாவுக்கும் ஒரே வெல்வெட் உடுப்பைத்தானே மாட்டிவிடுகிறோம்.

டேவிட் மெக்காலே 1979-ல் எழுதி வரைந்த ஒரு புத்தகம் இதில் இன்னும் ஒரு படி மேலே போனது. 'மோட்டல் ஆஃப் த மிஸ்டரீஸ்' என்று பெயர். 4022-ல் ஓர் ஆராய்ச்சியாளர் புதைந்துபோன லாட்ஜ் அறை ஒன்றைத் தோண்டி எடுக்கிறார். அதை ராஜ கல்லறை என்று முடிவு கட்டிவிடுகிறார். கட்டிலுக்கு எதிரே இருக்கும் டிவி பெரிய பலிபீடம். கக்கூஸ் புனிதக் கலசம். அதன் மேல் இருக்கும் வளையத்தை ஒரு பெண் பக்தியோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் சந்தேகம் வரும். ஆனால் டிவியைப் பலிபீடம் என்று சொன்னது முழுத் தப்பா? சாயங்காலம் ஏழு மணிக்கு சீரியல் ஓடும் வீடுகளில் யாராவது குறுக்கே நடந்து பாருங்கள், தெரியும். நல்ல எழுத்தாளர் எதிர்காலத்து ஆளின் தப்புக்குள் நம்மைப் பற்றிய ஓர் உண்மையை ஒளித்து வைக்கிறார்.

சரி, எது தப்பிப் பிழைக்கும்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான். நல்ல படைப்பு நிலைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நடப்பது வேறு.

1880-ல் கும்பகோணத்துக்கு ஒரு முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதி, மாற்றலாகி வந்தார். பெயர் சேலம் இராமசாமி முதலியார். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. அந்தக் கேள்விதான் உ.வே.சா.வை ஓலைச்சுவடிகளின் பின்னால் துரத்தியது. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. கரையான் தின்றது, ஆற்றில் விட்டது, தீயில் போட்டது போக மிஞ்சிய ஏடுகள் அவை. சங்க காலத்து ஆட்களுக்கு நாம்தான் எதிர்காலத்து ரசிகர்கள். அவர்கள் எதையெல்லாம் உயர்வாக நினைத்தார்களோ அது நமக்கு வந்து சேரவில்லை. எவர் வீட்டுப் பரணில் எது கிடந்ததோ அதுதான் வந்தது. கேட்டுத் தூண்டியவர் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியவர் என்பதில் எனக்குள்ள பெருமையை இங்கே மறைக்கப் போவதில்லை.

சினிமாவிலும் இதே கதைதான். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது, இன்று ஒரு பிரதிகூட இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலே மக்கிப் பொடியாகும். போதாததற்கு ஃபிலிம் மேல் பூசிய ரசாயனத்தில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தைக் கழுவி வெள்ளியைப் பிரித்து விற்றுவிடுவார்கள். செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எந்தக் கதாநாயகியின் முகம் யார் காலில் கொலுசாகக் கிடந்ததோ என்று தோன்றும். நேர்மாறாக ஒன்று: 1933-ல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம், நாவலின் பதிப்புரிமை யாருக்கு என்ற வழக்கில் மாட்டிக்கொண்டு ஓடாமல் நின்றது. அதனாலேயே ஒரு பிரதி புத்தகக் கம்பெனியிடம் முடங்கிக் கிடந்து, 1974-ல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடியிருந்தால் ஒருவேளை அழிந்திருக்கும்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இருக்கிறதே, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். டி.ஆர்.சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய ஸ்டுடியோ. நூற்றுக்கு மேல் படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இங்கேதான் உருவானது. கருணாநிதி வசனத்தில் 'மந்திரி குமாரி' 1950-ல். முழு நீளக் கலர்ப் படம் தமிழில் முதன்முதலாக, 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956-ல். இன்றைக்கு அங்கே மிஞ்சியிருப்பது அந்த வளைவு. ஏற்காடு போகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். விவரம் எதுவும் தெரியாத ஆள் 2140-ல் வந்து பார்த்தால், உள்ளே கோயிலோ கோட்டையோ இருந்திருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லுவார்.

அந்தக் காலத்தையாவது விடுங்கள், நம் காலம் இன்னும் மோசம். முன்பெல்லாம் தியேட்டருக்குப் படம் தகரப் பெட்டியில் வரும். தொலைந்த பெட்டி நூறு வருஷம் கழித்துக் கிடைத்தாலும், சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நாயகன் குதிரையில் போவது வெறுங்கண்ணுக்கே தெரியும். இப்போது வருவது பூட்டுப் போட்ட டிஜிட்டல் கோப்பு. இன்ன தியேட்டர், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று ஒரு சாவி தனியாக வரும். தேதி தாண்டினால் திறக்காது. நம் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு. 2025-ல் வந்த படத்தை 2086-ல் யார் வேண்டுமானாலும் போட்டுக்காட்டலாம். திறக்கிற மாதிரி ஒரு பிரதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்குக்குத் தடை வந்தபோது என்ன ஆனது? அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷம் கிராமத்து ஆட்கள் வயலிலும் கடை வாசலிலும் நின்று ஆடியதெல்லாம் ஒரே ராத்திரியில் கைக்கு எட்டாமல் போனது. வருங்கால ஆராய்ச்சியாளர் அந்த இடத்தில் ஒரு ஓட்டையைத்தான் பார்ப்பார்.

இப்போது நாமே ஒரு ரசிகையை உண்டாக்கிப் பார்ப்போம். வருஷம் 2140. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு வீடு. இருபத்திரண்டு வயசுப் பெண், யாழினி என்று வைத்துக்கொள்வோம். நம் காலத்தைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. வீட்டில் பழைய சாமான் என்ன இருக்கும்? உயிர் இல்லாத ஒரு செல்போன். ஒரு டப்பா நிறைய சினிமா டிக்கெட்டுகள், ஆனால் எல்லாம் வெற்றுத் தாள். தெர்மல் பேப்பரில் அடித்த எழுத்து சில வருஷத்திலேயே வெளுத்துவிடும். அப்புறம் பரணில், நான்காக எட்டாக மடித்து, காபிக்கொட்டை காயப்போடவென்று யாரோ எடுத்து வைத்த ஃப்ளெக்ஸ் பேனர்கள்.

நம் காலத்தில் எது நிலைக்கும் என்று என்னைக் கேட்டால், ஃப்ளெக்ஸைத்தான் சொல்லுவேன். மக்காது. கிழிக்கவும் வராது. வெயில் படாமல் கிடந்தால் கலரும் ஓரளவு இருக்கும். விழா முடிந்த மறுநாளே மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகவோ, விறகுக்கு மூடாக்காகவோ, களத்தில் விரிப்பாகவோ போய்விடுவதால் அதை யாரும் தூக்கியும் போடுவதில்லை.

யாழினி ஒன்றைப் பிரிக்கிறாள். மஞ்சள் நீராட்டு விழா. நடுவில் பட்டுப்பாவாடையும் ஒட்டியாணமுமாக ஒரு சிறு பெண். கீழே பாஸ்போர்ட் அளவில் இருபது இளைஞர்கள், பாதிப் பேர் கூலிங்கிளாஸ், ஒருவர் கன்னத்தில் விரல் வைத்து யோசிக்கிறார். ஒரு ஓரத்தில் புலி. இவர்கள் எல்லாரையும் விடப் பெரிதாக, இடது பக்கம் முழுக்க, வேட்டியை மடித்துக்கட்டி ஒரு மனிதர் நடந்து வருகிறார். பேனரில் எல்லார் பெயரும் இருக்கிறது. அவர் பெயர் மட்டும் இல்லை.

"ஆயா, இவரு நமக்கு என்ன வேணும்?"

"தெரியலையே கண்ணு. தாய்மாமன் சீர்னு மேல போட்டிருக்குதே, மாமனாத்தான் இருக்கும்."

இரண்டாவது பேனர் மாரியம்மன் பண்டிகை. அதே மனிதர். மூன்றாவது கல்யாணம், வேறு ஊர், வேறு சாதிசனம், மறுபடி அவரே, இந்தத் தடவை கோட்டு சூட்டில். நான்காவது, கண்ணீர் அஞ்சலி. அதில் மட்டும் ஆளைக் காணோம். யாழினி எழுதி வைக்கிறாள்: 21-ஆம் நூற்றாண்டில் சேலம் ஜில்லா முழுவதுக்கும் பொதுவாக ஒரே தாய்மாமன் இருந்திருக்கிறார். எல்லா நல்ல காரியத்துக்கும் வந்திருக்கிறார். துக்கத்துக்கு வருவதில்லை.

அவள் எழுதியது தப்பு. படிக்கிற நமக்குத் தெரியும், அது ஒரு சினிமா ஹீரோ. ஆனால் சொந்தக்காரர் என்று அவள் முடிவு கட்டியதில் என்ன பிசகு? அவரை அண்ணன் என்றுதானே கூப்பிட்டோம். பிறந்தநாளுக்குக் கூழ் ஊற்றினோம், கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினோம், அவரை ஒரு வார்த்தை சொன்னதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனோடு ஆறு மாசம் பேசாமல் இருந்தோம். வீட்டு விசேஷத்துக்குப் பேனர் அடிக்கும்போது அவர் படம் இல்லாமல் அடிக்க மனசு வரவில்லை. இதையெல்லாம் ஒரு கட்டுரையாளர் வந்து விமர்சித்து எழுதினால் நமக்குக் கோபம் வரும். யாழினி அப்பாவியாக உறவுமுறை கேட்கும்போது கோபப்பட வழி இல்லை.

இதோடு விட்டுவிட்டால் அது துணுக்கு, கதை ஆகாது. அவளுக்கு ஏன் இந்தத் தேடல் என்று இன்னும் நாம் சொல்லவில்லை. அவள் காலத்தில் எது இல்லையோ அதைத்தான் அவள் நம்மிடம் தேடுவாள். வால்-ஈக்குக் கோத்துக்கொள்ளக் கை இல்லை, அதனால்தான் ஒரு படத்தின் எத்தனையோ காட்சிகளில் அந்தக் காட்சியிலேயே போய் நிற்கிறது. 'டிமாலிஷன் மேன்' (1993) படத்தில் 2032-ன் நகரம் சுத்தமோ சுத்தம், கெட்ட வார்த்தை பேசினால் சுவரிலிருக்கும் இயந்திரம் அபராதச் சீட்டு நீட்டும். அங்கே சலித்துப்போன ஒரு பெண் போலீஸ்தான் 20-ஆம் நூற்றாண்டின் அடிதடிக்கு ரசிகை. பழைய வசவுகளையும் வீர வசனங்களையும் ஆசையாகச் சொல்லுவாள், ஒவ்வொன்றையும் தப்பாகச் சொல்லுவாள். அந்த ஊர் ரேடியோவில் காலத்தை வென்ற கீதங்களாக ஓடுபவை பழைய விளம்பரப் பாட்டுகள். நிர்மா பாட்டை மெய்மறந்து கேட்கிற பேரப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காத விஷயம் இல்லை.

யாழினியின் காலத்தில் படம் என்பது அவரவருக்கென்று தனித்தனியாகத் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பிடித்த முகம், பிடித்த முடிவு, அவள் பார்த்ததும் தீர்ந்துவிடும். அவள் பார்த்த படத்தை உலகத்தில் வேறு யாரும் பார்த்ததில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒரே மனிதரின் முகத்தை வாழப்பாடியிலும் ஓமலூரிலும் அம்மாபேட்டையிலும் அடித்து மாட்டியிருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய அதிசயம்! ஒரு ஊரே ஒருத்தரைத் தெரிந்து வைத்திருக்கிறது. விடிகாலைக் காட்சிக்கு அறுநூறு பேர் ஒரே கொட்டகையில் கத்தினார்கள் என்று எங்கோ படிக்கிறாள். அவள் நம்புவாளா, பொய் என்று ஒதுக்குவாளா என்பது எழுதுகிறவர் பாடு. எனக்கு அவள் அந்தக் கத்தலைத் தானே ஒருமுறை கத்திப் பார்ப்பாள் என்று தோன்றுகிறது, தனியாக, காபித் தோட்டத்துக்குள் போய்.

புதிதாக எழுதுகிறவர்கள் இந்தப் பாத்திரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். யாழினி வாயைத் திறந்தாலே, ரஜினி, ரஹ்மான், தோனி, பிரியாணி, ரீல்ஸ் என்று பட்டியல் வாசிப்பாள். எல்லாம் சரியாகவும் இருக்கும், ஒரு பெயர்கூடப் பிசகாது. அது எதிர்காலத்துப் பெண் பேசுகிற பேச்சில்லை, எழுதினவரின் செல்போன். இன்னொரு ஓட்டை, நமக்கும் அவளுக்கும் நடுவில் நூறு வருஷம் காலியாகக் கிடப்பது. 2060-ல் யாருமே பாடவில்லையா? 2100-ல் ஒரு படமும் ஓடவில்லையா? டாம் பாரிஸைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே குறை இதுதான். நானூறு வருஷத்தில் அவனுக்குப் பிடித்தது எல்லாம், டிவி பார்க்கிற நமக்குத் தெரிந்ததாகவே இருக்கிறது. சின்ன வைத்தியம் ஒன்று உண்டு. தெரிந்த பெயர் இரண்டைச் சொல்லி, மூன்றாவதாக இன்னும் பிறக்காத ஒன்றைச் சேர்ப்பது. 'பாகவதர், இளையராஜா, பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் வந்த நாகலூர் சகோதரிகள்' என்று யாழினியின் ஆயா மூச்சு விடாமல் சொன்னால், ஒரு வெள்ளமும் வந்துவிடுகிறது, ஒரு காலமும் வந்துவிடுகிறது. அந்தச் சகோதரிகள் என்ன பாடினார்கள் என்று விளக்கப் போகாதீர்கள். விளக்கினால் கெட்டுவிடும்.

தமிழில் இந்த வகை இன்னும் அதிகம் முளைக்கவில்லை. 'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் கால இயந்திரம் 2065-லிருந்து வருகிறது, ஆனால் அதை அனுப்பியவர்களுக்கு நம் மேல் பெரிய ஆர்வம் எதுவும் இல்லை. நம் கதைகளில் கால இயந்திரம் கிடைத்தால் ஆட்கள் பின்னோக்கித்தான் ஓட்டுகிறார்கள். யாராவது முன்னே போய் உட்கார்ந்துகொண்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிற கதைக்கு இடம் நிறையவே காலியாக இருக்கிறது.

தொடங்குகிறவர்கள் 'வால்-ஈ'யிலிருந்து தொடங்குங்கள், வீட்டில் பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொள்ளலாம். 'டாக்டர் ஹூ'வின் அந்த அத்தியாயம் முக்கால் மணி நேரம்தான், பெயர் 'தி எண்ட் ஆஃப் த வேர்ல்ட்', தொடரின் முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. 1989-ல் வந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' இரண்டாம் பாகத்தில் 2015-ல் நடக்கும் எண்பதுகள் கஃபே காட்சியை மட்டுமாவது பாருங்கள். பழைய வீடியோ கேம் எந்திரத்தைப் பார்த்து, 'கையால ஆடணுமா, சின்னப் பிள்ளை விளையாட்டு' என்று இரண்டு பொடியன்கள் முகம் சுளிப்பார்கள். 'டிமாலிஷன் மேன்' பிள்ளைகள் தூங்கின பிறகு.